நிமிர்ந்து நின்ற டிராக்டர்

பத்தொன்பது மணி நேரமாக அந்த டிராக்டர் முன்சக்கரங்களை வானத்துக்குத் தூக்கியபடி, பின்னால் கிடந்த புளியமரத் துண்டில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தது. ஒரு கரிச்சான் வந்து உட்கார்ந்ததும் சக்கரம் லேசாக அசைந்தது. பின்பக்கம் ஈர மண்ணில் புதைந்திருந்தது. அங்கே என்ன இருக்கிறதென்று பூங்காவனத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. மரத்துக்குச் சங்கிலி மாட்டுவது அவள் வேலை. இழுப்பது எத்திராஜின் வேலை. நேற்று இழுக்கும்போது வண்டி எழும்பியதும் அவன் குதித்துவிட்டதால், தோள் எலும்பு முறிந்ததோடு போயிற்று.

"என்னடா எத்திராஜு, வண்டிய மேலுக்கு ஓட்டிப் பாத்தியா?" என்றார் மரம் அறுக்கும் கோதண்டம். "ஊத்திக்கினு வந்திருப்பான்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

கட்டுப் போட்ட கையோடு நின்ற எத்திராஜ் சிரிக்கவில்லை. சாவியை எடுத்துப் பூங்காவனத்திடம் நீட்டினான்.

"ஓனராண்ட குடுத்துடுக்கா. இருவது வருசம் ஓட்டிட்டேன். கிளச்ச எப்படி வுட்டேன்னு எனக்கே தெரியல. இனிமே ஸ்டேரிங்ல கை வைக்க மாட்டேன்."

அவள் சாவியை வாங்கவில்லை.

"மரத்து மூக்கு மண்ணுல குத்திக்கினே இருந்துச்சு. கொஞ்சம் தூக்கிக் குடுத்தா சுளுவா வரும்னு நெனச்சேன்."

"அதுக்கு?"

கோதண்டமும் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"நீ கிளச்ச சரியாத்தான் வுட்ட. சங்கிலிய கீழ் கொக்கியில மாட்டாம, சீட்டுக்குப் பின்னால மேல மாட்டினேன். அதான் முன்பக்கம் எழும்பிச்சு. உங்கிட்ட நான் சொல்லல."