சாம்பிராணி மரியாதை

மாயர் என்ற பழங்குடியினர் வாழும் கடற்கரையில் வந்திறங்கிய ஸ்பானியத் தாடிக்காரர்களைக் கண்டதும் இஷ்குக் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அது தினம் இரண்டு வேளை குளிக்கிற ஊர்.

"யோவ், இவனுங்க தண்ணியைத் தொட்டு எத்தனை மாசமாச்சோ! சாம்பிராணியைப் போடுய்யா!"

வெயிலில் கறுத்து, முகமெல்லாம் பச்சை குத்தியிருந்த அவள் புருஷன் நச்சான், புகைச்சட்டியைக் கப்பல் தலைவனின் மூக்குக்கு நேரே ஆட்டினான்.

"அடடா, என்ன மரியாதை!" என்று பூரித்துப்போனான் தலைவன். மாயர் மொழி தெரியுமென்று கூட்டிவந்த மீனவனை விட்டுக் கேட்டான். "கப்பல் உடைஞ்சு என் தம்பி இங்கதான் கரை ஒதுங்கினான். பால் மாதிரி வெளுப்பு. மாசுமருவில்லாத மூஞ்சி. பார்த்தியாப்பா?"

இஷ்குக் இடுப்புக் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"அவனா? காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டான்" என்றான் நச்சான்.

மீனவன் அதை ஸ்பானிய மொழியில் சொன்னதும் தலைவன் மணலில் விழுந்து அழுதான். பொழுது சாய்வதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது.

"அடப்பாவி மனுஷா! கூடப்பிறந்த அண்ணன்கிட்டயே செத்துட்டேன்னு புளுகிட்டியே!" என்றாள் இஷ்குக்.

நச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"உயிரோட இருக்கேன்னு சொல்லியிருந்தா கட்டிப்பிடிச்சிருப்பான்டி. அந்த நாத்தத்துல நிஜமாவே செத்திருப்பேன்!"