நட்சத்திரம் வராமல் படிப்பது

"எழுத்தைப் பெருசாக்குங்க, கலர் போடுங்க, எல்லாம் கண்ணுக்குத்தாண்ணே. உள்ள ஒண்ணும் மாறாது. ஆனா உள்ள ஒரு எழுத்து மாறி, கோப்புப் பேருக்குப் பக்கத்துல நட்சத்திரம் வந்துச்சு, நம்ம ரெண்டு பேர் வேலையும் காலி. நான் வாயைத் திறக்க மாட்டேன், நீங்களே படிச்சுக்குங்க."

கிளார்க் பெண் மில் ஆபீஸ் வாசலில் போய்க் காவல் நின்றாள். சூப்பர்வைசர் எடைமேடைக்குப் போயிருந்தார். பத்து நிமிஷம்தான்.

மூட்டை தூக்குகிற கை எனக்கு. மவுஸ் உள்ளங்கைக்குள் காணாமல் போய்விட்டது.

திரையில் இருந்தது மச்சானின் கோப்பு. என் தங்கை புருஷன். பெல்ட் மெஷினில் வலது கையைப் பறிகொடுத்தவன். அவன் குடித்திருந்ததாக யாரோ வாக்குமூலம் கொடுத்தார்களாம். நஷ்டஈடு இல்லை என்றுவிட்டார்கள்.

நாளைக்கு மறு விசாரணை. அதற்குள் அந்த யாரோ யாரென்று தெரிய வேண்டும்.

நான் எழுத்துப் படித்ததே அவன் கை போன பிறகுதான். "நீ எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் புதுக் கை முளைச்சிடும்" என்பான்.

எறும்பாக இருந்த எழுத்தைக் கட்டைவிரல் உயரத்துக்கு ஏற்றினேன். படித்த வரி தப்பிப் போகாமல் இருக்க அதன்மேல் மஞ்சள் பூசினேன். ஒவ்வொரு வரிக்கும் ஒருதரம் மேலே பார்த்தேன்.

நட்சத்திரம் இல்லை.

'பெல்ட் நல்ல நிலையில் இருந்தது.'

மூன்று வாரமாகக் கிழிந்து தொங்கிய பெல்ட்.

'அவர் குடித்திருந்தார். அருகில் நின்றதால் வாடை வந்தது.'

எந்த நாய் இது? நல்லா இருப்பானா?

வேர்வை கண்ணில் இறங்கியது. வெளியே லாரி கிளம்பும் சத்தம். அவசரமாகக் கடைசிக்கு இறக்கினேன்.

பெயர் இல்லை. கைநாட்டு.

அதையும் பெரிதாக்கினேன். ரேகைகளை நட்டநடுவே குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. கட்டுக்கம்பி கிழித்த தழும்பு.

ஆஸ்பத்திரி வராந்தா. மச்சானின் ரத்தம் என் சட்டையில். "ஆபரேஷனுக்குத்தான், சீக்கிரம் கைநாட்டு வை" என்று சூப்பர்வைசர் நீட்டிய காகிதம்.

மவுஸை விட்டுவிட்டு என் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தேன். அதே தழும்பு.

பிறகு மஞ்சளைத் துடைத்தேன். எழுத்தைச் சுருக்கினேன். மாற்றத்தைச் சேமிக்கவா என்று கேட்காமல் கோப்பு மூடிக்கொண்டது.

கிளார்க் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு வழிவிட்டாள்.

கேட்டுக்கு வெளியே மச்சான். என்ன ஆச்சு என்று புருவத்தை உயர்த்தினான்.

"நாளைக்கு விசாரணைக்கு நானும் வரேன் மச்சான். என்னையும் பேச விடச் சொல்லு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. இடது கையால் என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தான்.