ஒன்றுக்கு மேலே ஒரு துளி

"கையெழுத்துப் போடுப்பா. டிஸ்மிஸ்னா வேற எங்கேயும் வேலை கிடைக்காது. ராஜினாமான்னா கௌரவமாப் போயிடலாம்."

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை மேலாளர் காகிதத்தை நகர்த்தினார். டிரைவர் பேனாவைத் தொடவில்லை.

"நான் ஜிபிஎஸ்ஸை அணைக்கல சார். தூங்கவும் இல்ல."

"அப்புறம் எப்படிய்யா? நோயாளி வீட்டுப் பின்சுவரை ஒட்டி உன் வண்டி நிக்குது. ஆனா கிட்ட இருக்கிற வண்டிங்க லிஸ்ட்ல வரல. ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்த வண்டியை அனுப்பினோம். முழுசா இருபது நிமிஷம்! பெரியவர் இன்னும் கண் திறக்கல."

எதிரே பெரியவரின் மகள். புகார் கொடுத்தவள். காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழவில்லை.

டிரைவர் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, எனக்கு ரெண்டு பிள்ளைங்க. நான் போயிடறேன். இத்தோட விட்டுடுங்கம்மா."

"போகக் கூடாது. ராஜினாமா எனக்கு எதுக்கு? எப்படி நடந்துச்சுன்னு காட்டுங்க. அதுவரைக்கும் இவர் இங்கேயே நிக்கணும்."

கல்நெஞ்சக்காரி என்று மேலாளர் முணுமுணுத்தார். வேறு வழியில்லை. டேட்டாபேஸ் பார்க்கிறவரைக் கூப்பிட்டார்.

வந்தவர் நேற்றைய பதிவைத் திறந்தார். "சார், இவர் ஜிபிஎஸ் ஓடிக்கிட்டுதான் இருந்திருக்கு. இடமும் சரியா பதிவாகியிருக்கு."

"அப்ப லிஸ்ட்ல ஏன் வரல?"

"தூரம் போடற இடம் காலியா இருக்கு சார். தூரம் இல்லாத வண்டியை லிஸ்ட் தள்ளிடும்."

"ஏன் காலி?" மகள் விடவில்லை. "தூரத்தை எப்படிக் கணக்குப் போடறீங்க?"

"நேர்மாறு கொசைன் வெச்சு, மேடம். பூமி உருண்டையில்லையா... சொன்னா உங்களுக்கு..."

"புரியும். அதுக்குள்ள போற எண்ணைப் பாருங்க. கடைசித் தசமம் வரைக்கும்."

கீபோர்டு சத்தம். அவர் திரைக்கு அருகே குனிந்தார்.

"அட! வீடும் வண்டியும் ஒரே புள்ளியில விழுந்திருக்கு. எண் சரியா ஒண்ணு வரணும். கம்ப்யூட்டர் ஒண்ணுக்கு மேல ஒரு துளி சேர்த்திருக்கு. பதினாறாவது தசமத்துல ஒரு ரெண்டு."

"அதனால என்ன குடி முழுகிப் போச்சு?"

"கொசைன் ஒண்ணைத் தாண்டாது சார். தாண்டின எண்ணைக் கொடுத்தா நேர்மாறு கொசைன் விடை தராது. இவர் அடுத்த தெருவுல நின்னிருந்தா லிஸ்ட்ல முதல் பேர் இவர்தான். ரொம்பக் கிட்ட நின்னதுதான் வினையாப் போச்சு. ஒண்ணைத் தாண்டினா ஒண்ணுன்னே வெச்சுக்கன்னு அந்த வரியில எழுதியிருந்தா போதும்."

மேலாளர் ராஜினாமாக் காகிதத்தைக் கசக்கினார். கோபம் இப்போது வேறு பக்கம் பாய்ந்தது.

"ஒரு வரியை ஒழுங்கா எழுதத் தெரியாதா? எந்த மடையன்யா எழுதினது?"

"நம்ம ஆள் இல்ல சார். ஆறு வருஷம் முன்னாடி வெளிக் கம்பெனி எழுதிக் கொடுத்தது. பேரைத் தேடிப் பார்க்கணும்."

"தேட வேண்டாம்."

மகள் எழுந்தாள். டிரைவருக்கு நேரே வந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரியிலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. நீங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டா இதை யாரும் தோண்டிப் பார்க்க மாட்டாங்க. அதான் உங்களைப் போக விடல. மன்னிச்சிடுங்க அண்ணா... அந்த வரியை எழுதினவ நான்தான்."