கை மாறிய வாட்ச்

"இந்தா வேதா, கட்டிக்கோ."

பரமசிவம் சோபாவில் சாய்ந்தபடியே வாட்சை நீட்டினார். மடியில் நொறுக்குத்தீனி, பாகர்வடி டப்பா.

"இன்னிக்காவது நீங்களே கட்டிக்கிட்டு நடக்கக் கூடாதா? பையன் உங்களுக்குன்னு வாங்கிக் குடுத்தது" என்றாள் வேதநாயகி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே.

"முட்டி வலிக்குதுடி. நீ எப்படியும் கிச்சனுக்கும் பால்கனிக்கும் நடந்துக்கிட்டேதானே இருக்கே? அந்த நடை வீணாப் போகலாமா?"

நியாயம் பேசுவதில் பரமசிவத்தை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

புனேயின் கராடி பக்கம் ஐ.டி. வேலை பார்க்கும் மகன் ஹரீஷ், தாபோடி வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் தொப்பையைப் பார்த்துப் பயந்துபோய் வாங்கித் தந்த வாட்ச் அது. நடந்தால் கணக்கு வைக்கும். இதயம் தாறுமாறாகத் துடித்தால் எச்சரிக்கும். எல்லாமே ஹரீஷின் போனில் தெரியும்.

"ஹார்ட் வியாதியை இப்பல்லாம் மணிக்கட்டுலயே மோப்பம் புடிக்குதுப்பா. புது ரிசர்ச்" என்று சொல்லித்தான் கட்டிவிட்டான். அவன் தலை மறைந்ததும் வாட்ச் கை மாறியது.

அன்றைய நடை முடிந்தால் போனில் ஒரு வட்டம் பச்சையாகும். பரமசிவத்தின் வட்டம் சாப்பாட்டு நேரத்துக்குள் பச்சையாகிவிடும்.

"அப்பா, ஏக்தம் ஜக்காஸ்!" போனில் குதித்தான் ஹரீஷ். "என் ஆபீஸ்ல யாருக்கும் இப்படி வட்டம் வர்றதில்ல. எப்படிப்பா முடியுது?"

"எல்லாம் மன உறுதிதாண்டா" என்றார் பரமசிவம், வாய் நிறைய பாகர்வடியோடு.

"டார்கெட்டை இன்னும் ஏத்தட்டா?"

"ஐயையோ, வேணாண்டா! உடம்பு தாங்காது!"

வேதநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. பிள்ளையிடம் திட்டு வாங்கிப் புருஷன் முகம் சுருங்குவதைப் பார்க்க அவளுக்கு மனசு வராது.

"ராத்திரியும் கழட்டாதே" என்றார் பரமசிவம். "அவன் அப்பவும் பார்ப்பான்."

"தூங்கறதுக்குமா ஆள் வைப்பீங்க?" என்றாள் அவள். ஆனாலும் கழற்றவில்லை.

சனிக்கிழமை காலை, ஹரீஷ் பைக்கில் பறந்து வந்தான்.

"அப்பா! நடக்காதீங்க! அப்படியே உக்காருங்க!"

அவர் உட்கார்ந்துதான் இருந்தார்.

"உங்க ஹார்ட் பீட்ல ஏதோ கட்பட். நேத்துலேர்ந்து அலர்ட் மேல அலர்ட். சலோ, ஆஸ்பத்திரி!"

சமையலறை வாசலில் நின்ற வேதநாயகி சட்டென்று முந்தானையால் கையை மூடிக்கொண்டாள்.

"உங்கம்மா வந்தாத்தான் நான் வருவேன்" என்று முறுக்கிக்கொண்டார் பரமசிவம். "எனக்குப் பயமா இருக்கு."

சரியான பயந்தாங்கொள்ளி என்று முணுமுணுத்தபடி வேதநாயகி புடவை மாற்றினாள்.

ஹரீஷ் பைக்கில் முன்னால் போக, இவர்கள் ஆட்டோவில் பின்னால் போனார்கள். அவள் அவர் காதோரம் சொன்னாள்:

"உளறிடாதீங்க. உங்களைப் பார்த்துட்டு ஒண்ணுமில்லேன்னு அனுப்பிடுவாங்க. எனக்கு வெறும் கேஸ்தான்."

"ம்" என்றார்.

டாக்டர் அகல்யா கோயம்புத்தூர்க்காரர். புனேயில் தமிழ் பேசும் டாக்டர் கிடைத்ததே பெரிய விஷயம்.

"சட்டையக் கழட்டிட்டுப் படுங்க சார். ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துடலாமுங்க."

பரமசிவம் அசையவில்லை.

"என்னைப் படுக்க வெச்சுப் பிரயோஜனம் இல்ல டாக்டர். அந்த நெஞ்சு என்னோடது இல்ல. இவளோடது."

வேதநாயகி அவர் இடுப்பைக் கிள்ளிப் பார்த்தாள். பலனில்லை. முழுக் கதையும் வெளியே வந்துவிட்டது.

வேதநாயகியைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்து நர்ஸ் வயர்களை ஒட்டினாள். திரைக்கு இந்தப் பக்கம் ஹரீஷ் வெடித்தான்.

"அம்மா நடந்த நடைக்கா நான் ஆபீஸ் பூரா பெருமை அடிச்சேன்? கொஞ்சமாவது வெக்கம், ஷரம் இருக்காப்பா?"

"திட்டாதேடா! பாவம், முட்டி வலி!" என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டரின் சிரிப்பு மறைந்தது.

"வாட்ச் சொன்னது சரிதானுங்க. இதயம் தாளம் தப்பித் துடிக்குது. இப்படியே விட்டிருந்தா உள்ள ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போயி, பக்கவாதம் வந்திருக்கலாமுங்க. ஏம்மா, மூச்சு வாங்குதுங்களா? படபடன்னு வருதுங்களா?"

"அது கேஸ் டாக்டர்."

"இல்லீங்க. நெறையப் பொம்பளைங்க இப்படித்தான் கேஸுன்னு நெனச்சுட்டு இருந்துடறாங்க. பயப்படாதீங்க, மாத்திரையில கட்டுப்படுத்திக்கலாம். இன்னும் ஒரு ஸ்கேன் மட்டும் எடுக்கோணும்."

ஹரீஷுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பாவோட சோம்பேறித்தனம் உன் உயிரைக் காப்பாத்திருக்கும்மா" என்று அப்பாவை ஒரு முறை முறைத்துவிட்டு, அவளை ஸ்கேனுக்கு அழைத்துப் போனான்.

டாக்டரும் பரமசிவமும் மட்டும் மிஞ்சினார்கள்.

"ஏனுங்க சார், பெத்த பையனையே இப்படி ஏமாத்தலாமுங்களா? ஏதோ அதிர்ஷ்டம், நல்லதா முடிஞ்சுது."

பரமசிவம் ஸ்கேன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடி ஏறும்போது பாதியில உக்காந்துடுவா டாக்டர். தூக்கத்துல நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு எழுந்துடுவா. ஆஸ்பத்திரிக்கு வாடின்னு கெஞ்சினேன், வரல. இந்த வாட்சையாவது கட்டிக்கோன்னேன். எனக்கெதுக்குன்னு தூக்கிப் போட்டுட்டா."

"அப்புறம் எப்படிங்க கட்டிக்கிட்டாங்க?"

"எனக்காகப் பையன்கிட்ட ஒரு பொய் சொல்லணும்னேன். உடனே கையை நீட்டிட்டா."