விழுகிறவர்களைப் பிடிப்பவன்

கிள்ளானில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் எழுப்புதல் கூட்டம். தீர்க்கதரிசி நெற்றியில் கைவைத்ததும் சாய்கிறவர்களைத் தாங்கிப் படுக்கவைப்பது ஞானராஜின் ஊழியம். பின்னால் ஆள் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் எல்லோரும் ஆவியில் விழுகிறார்கள். அவனுக்கு இடுப்பு விட்டுப்போகிறது. அடுத்து நிற்பது அவன் மனைவி ரோஸ்லின். ‘உனக்குச் சர்க்கரை நீங்கிவிட்டது, இனி ஊசி வேண்டாம்’ என்று தீர்க்கதரிசி சொல்லி மூன்று நாளாகிறது. அவள் உதடுகள் வறண்டு வெடித்திருக்கின்றன. ஸ்பீக்கர் அலறுகிறது. கை படுகிறது, அவளும் விழுகிறாள். கூட்டம் அல்லேலூயா போடுகிறது. கால்களை மூட ஊதாத் துணியை விரித்தபடி ஞானராஜ் குனிந்து, “ரோஸ், ஆவி எறங்குச்சா?” என்கிறான். “ஒண்ணும் எறங்கல லா, அவருதான் தள்ளிட்டாரு,” என்று அவள் கண்ணைத் திறக்காமல் முணுமுணுக்கிறாள். “ஏங்க, ஊசி கொண்டாந்தீங்களா?” மூன்று நாளாக அது அவன் சட்டைப்பையில்தான் இருக்கிறது.