பிடித்தாரா, விட்டாரா

ரமாபாய் படிப்பதை நிறுத்தினாள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த விமர்சகரின் கையில் சமோசா பாதி வழியில் நின்றுபோனது. வாய் திறந்தபடி இருந்தது. உள்ளே அரைபட்ட உருளைக்கிழங்கு மஞ்சளாகத் தெரிந்தது.

அவள் கண்ணைத் தாளுக்குத் திருப்பிக்கொண்டாள்.

கதையில் வருகிறவன் சாக்கடைக் குழிக்குள் இறங்கியிருந்தான். விஷவாயு தாக்கிவிட்டது. கால் நழுவுகிறது. தலைக்கு மேலே ஒரு இரும்புக் கம்பி. கையை நீட்டுகிறான். நீட்டுகிறான். விரல் படுகிறது. பிடித்துவிடுகிறான்.

அந்த இடத்தில் அவள் எப்போதும் நிறுத்துவாள்.

நிறுத்தக் கற்றுக்கொடுத்தது ரேடியோ. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில், ரயில்வேயில் கலாசித் தொழிலாளியாக இருந்த அவள் அப்பா ஜன்னலில் டிரான்சிஸ்டரை வைத்துப் பொங்கல் சமயத்து கிரிக்கெட் டெஸ்ட் மேட்சின் தமிழ் வர்ணனை கேட்பார். பந்து உயரே போகிறது. ஓடுகிறார், ஓடுகிறார், கையை நீட்டுகிறார்... அதோடு குரல் நின்றுவிடும். சேப்பாக்கத்துக் கூட்டத்தின் இரைச்சல் மட்டும் வரும். பிடித்தாரா, விட்டாரா?

அந்த இரண்டு மூச்சு நேரம் மாடி முழுக்க ஒருவரும் அசைய மாட்டார்கள். துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள்கூட.

தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருக்கும் குரலுக்கு எவ்வளவு அதிகாரம் என்பது அந்த வயதிலேயே அவளுக்குப் பிடிபட்டுப்போனது. பின்னால் எழுத வந்தபோது அவள் கதைகளில் எல்லாமே இப்போது, கண்ணெதிரே நடந்தன. எங்கே மூச்சைப் பிடிக்க வைக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பேட்டிகளில் ரேடியோ கதையைச் சொல்லிச் சொல்லிப் பெயரும் வாங்கியாயிற்று.

இன்று ராயபுரத்து மண்டபத்திலும் அதே அமைதி. மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது.

முன்பெல்லாம் அது அவளுக்கு இனிக்கும். இன்று அந்தச் சமோசாவைப் பார்த்த பிறகு முடியவில்லை. ஒருவன் மலத்துக்குள் மூழ்கப்போகிறான். இவர்கள் ஸ்கோருக்குக் காத்திருக்கிறார்கள். காக்க வைத்திருப்பவள் அவள்.

அடுத்த வரியைப் படித்தாள். கை நழுவுகிறது.

சமோசா வாய்க்குள் போனது.

கைதட்டல் ஓயவில்லை. பின்னால் யாரோ விசிலடித்தான். பதிப்பாளர் ஜெகதீசன் மைக்கை வாங்கி, கடைசி ஓவர் பார்த்த மாதிரி இருந்தது என்றார். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் எச்சில் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்துவிட வேண்டும் போலிருந்தது.

கையெழுத்துக்கு ஆட்கள் வரிசையில் நின்றபோது, எல்லோரையும் விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள்.

பூவம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளின் கதை ஒன்றை அவள் காதால் கேட்டது இதுதான் முதல் தடவை. நீ வர வேண்டாம் என்று ரமாபாய் காலையிலேயே சொல்லியிருந்தாள். கேட்காமல் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

மகளின் கையைப் பிடித்து மேடைக்குப் பின்னால் அழைத்துப்போனாள். அழவில்லை.

"ரமா, எறங்குன ஒடனே நம்ம பீம்ராவு மயங்கிட்டான், அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்களேடி. கம்பிய புடிச்சிகினு தவிச்சானா எம்புள்ள?"

தம்பி போனதிலிருந்து அம்மா தூங்குவது ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த ஒரு பேச்சை வைத்துத்தான். துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் அதைத்தான் சொல்வாள். ஒண்ணுமே தெரியாம போய்ட்டான், தூங்குற மாரி போய்ட்டான் என்று.

அந்தக் குழியில் கம்பியே கிடையாது. இடுப்பில் கயிறு கட்டித்தான் அவனை இறக்கினார்கள். மூன்றாவது மூச்சில் கயிறு கனத்துவிட்டது. கம்பியையும், அதைத் தொட்ட விரலையும் ரமாபாய்தான் சேர்த்தாள், கேட்பவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று.

அதை அவள் அம்மாவிடம் சொன்னாள். எங்கேயும் நிறுத்தாமல், தலையைக் குனிந்துகொண்டு, அவன் தவிக்கவில்லை, கம்பி நான் கதைக்காகச் சேர்த்தது, டாக்டர் சொன்னதுதான் உண்மை என்று ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் தட்டையாக, ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

பூவம்மா கடைசி வரை கேட்டாள். பிறகு மகளின் கன்னத்தைத் தடவினாள்.

"என் மனசு ஆறட்டும்னு பொய் சொல்றியா, கண்ணு" என்றாள்.