ஐந்தாவது கொக்கி

அறுத்த இடத்தைத் தைக்குமுன் கொக்கிகளை எண்ணிவிடுவது கம்பம் ஊர் டாக்டர் ஆதித்தனின் கண்டிப்பான வழக்கம். சதையை விலக்கிப் பிடிக்கும் அந்தச் சிறு கொக்கிகள் மொத்தம் நான்கு. 1938-இல் சீனிச்சாமியின் கழுத்துக் கட்டியை எடுத்தபின் நர்ஸ் ஜெபராணி எண்ணினாள்.

"அஞ்சு இருக்குய்யா. ஒண்ணு குட்டி போட்ருச்சு போல."

ஐந்தாவதில், ஆதித்தனுக்கு முன் அங்கே டாக்டராயிருந்த அவர் அப்பாவின் பெயர் பொறித்திருந்தது. இருபது வருடத்துக்கு முன் சீனிச்சாமியின் ஆத்தா மொக்கம்மாள் வயிற்றில் அந்த அப்பா ஒரு கொக்கியை வைத்துத் தைத்துவிட்டார், அதனால்தான் அவள் செத்தாள் என்று ஊர் பேசியது. எரித்த மறுநாள் சாம்பலைச் சலித்துப் பார்த்தார்கள், கொக்கி கிடைக்கவில்லை. டாக்டர் குடும்பத்தின் மானம் தப்பியது.

"நோட்டுல எத்தனைன்னு எழுதட்டும் ஐயா?"

"நாலுன்னு எழுது தாயி."

ஆதித்தன் ஐந்தாவதைத் துடைத்தார். துணியில் ரத்தம் ஒட்டவில்லை. சாம்பல் ஒட்டியது.